எண்டோஸ்கோப் சேனலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்டோஸ்கோப்பி யூனிட்டில் ஸ்கோப் (உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) கழுவும் அறையில் வேலை செய்கிறவன் நான். புதிதாக வருகிற பிள்ளைகள், மற்ற ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நண்பர்கள், சில சமயம் டாக்டர்களே கூட, திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது.

சேனல் என்றால் என்ன? ஒரு ஸ்கோப்பில் எத்தனை இருக்கும்?

ஸ்கோப்பை வெளியில் இருந்து பார்த்தால் கறுப்பு ரப்பர் பைப் மாதிரி ஒன்றுதான் தெரியும். உள்ளே இரண்டு மூன்று மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. காற்று போக ஒன்று, தண்ணீர் போக ஒன்று, இவை போக உறிஞ்சவும் ஃபோர்செப்ஸ் (சதையைக் கிள்ளி எடுக்கும் நீள இடுக்கி) விடவும் பயன்படுகிற பெரிய குழாய். நாங்கள் பயாப்ஸி சேனல் என்று சொல்வது இந்தப் பெரிய குழாயைத்தான். பெருங்குடலுக்குள் விடும் கொலோனோஸ்கோப்பில் பெரும்பாலும் தண்ணீர் பீய்ச்ச இன்னொரு சேனல் தனியாக இருக்கும்.

"பெரிய" என்று சொன்னேனே, வயிற்றுக்குள் விடும் சாதாரண காஸ்ட்ரோஸ்கோப்பில் அது 2.8 மி.மீ.தான். கொலோனோஸ்கோப்பில் 3.7, பித்தக்குழாய் வேலைக்கு வரும் டியோடினோஸ்கோப்பில் 4.2. சிறுநீரகக் குழாய்க்குள் போகும் யூரிட்ரோஸ்கோப்பில் சுமார் 1.2 மி.மீ. இதற்குள்தான் இரத்தம், பித்தம், மலம், சளி எல்லாம் போய் வருகின்றன. நாம் பிரஷ் விடுவதும் இதற்குள்தான்.

தினமும் லீக் டெஸ்ட் பண்ணுகிறோமே, அது போதாதா?

போதாது. சைக்கிள் டியூபைக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பார்கள் இல்லையா, லீக் டெஸ்ட்டும் அதேதான். சேனல் சுவரில் ஓட்டை விழுந்திருந்தால் குமிழி வரும், அல்லது மெஷினில் பிரஷர் இறங்கும். ஆனால் டியூப் உள்பக்கம் பாதி தேய்ந்து, நார் நாராகக் கிளம்பி, இன்னும் ஓட்டை விழாமல் இருந்தால் ஒரு குமிழிகூட வராது. அந்த நிலையில் ஸ்கோப் "பாஸ்" ஆகி மாதக்கணக்கில் ஓடும். கடைசியில் நோயாளியின் அழுக்கு அதில் ஒளிந்துகொண்டிருக்கும்போது குமிழி வரவில்லையே என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

அதற்காக லீக் டெஸ்ட்டை விட்டுவிடாதீர்கள். ஓட்டை விழுந்த ஸ்கோப்பைத் தண்ணீரில் முக்கினால் உள்ளே ஈரம் இறங்கி ரிப்பேர் பில் பயங்கரமாக வரும்.

போர்ஸ்கோப் என்றால் என்ன?

"போர்" என்றதும் சண்டை என்று நினைக்க வேண்டாம், இது போர்வெல்லில் வருகிற போர். ஆங்கிலத்தில் துப்பாக்கிக் குழலின் உள்துளைக்கும் அதே சொல்தான். ஊரில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வரவில்லை என்றால் கேமரா விட்டு எத்தனையாவது அடியில் கேசிங் உடைந்திருக்கிறது, எங்கே ஊற்று அடைத்திருக்கிறது என்று டிவியில் பார்ப்பார்கள். அதே வேலைதான், குழி மட்டும் மூன்று மி.மீ. விமான எஞ்சினைப் பிரிக்காமலேயே உள்ளே சுழலும் பிளேடுகளைப் பார்ப்பதும் இதே வகைக் கருவியால்தான்.

எங்கள் வேலைக்கு வருவது 2 மி.மீ.க்கும் குறைவான தடிமனில், வளையக்கூடிய, நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள நீளக் கம்பி. மேலே சென்டிமீட்டர் குறி போட்டிருந்தால் வாங்கும்போதே பாதி வேலை மிச்சம்.

ஒரு சின்னக் கீறல்தானே, அதனால் என்ன ஆகிவிடும்?

சேனல் பெரும்பாலும் டெஃப்லான் வகைப் பொருளால் ஆனது. வீட்டில் நான்ஸ்டிக் தோசைக்கல் வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். புதிதாக இருக்கும்போது மாவு ஒட்டவே ஒட்டாது, துணியால் துடைத்தால் போதும். இரும்புக் கரண்டியால் யாராவது ஒருநாள் சுரண்டிவிட்டால் அந்தக் கோட்டில் மட்டும் ஒவ்வொரு தோசையும் பிடிக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடம் பழைய மாதிரி ஆகாது.

அளவையும் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மெல்லிய கீறல் 0.1 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது 100 மைக்ரான். சூடோமோனாஸ் மாதிரி ஒரு பாக்டீரியா சில மைக்ரான் நீளம்தான் இருக்கும், அகலம் அதிலும் பாதிக்குக் கீழே. அதாவது உங்களுக்குக் கோடாகத் தெரிவது அதற்கு அகலமான வாய்க்கால். பிரஷ் மயிர் அந்தப் பள்ளத்தின் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். கிருமி உள்ளே பசை மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டால் கிருமிநீக்க மருந்தும் சரியாக இறங்காது.

இது கற்பனை பயம் இல்லை. நெதர்லாந்தில் ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவமனையில் 2012 தொடக்கத்தில், ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் 30 நோயாளிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் 22 பேருக்கு ஒரே ஒரு டியோடினோஸ்கோப்பால் சிகிச்சை நடந்திருந்தது. நுனியைப் பிரித்துப் பார்த்தபோது, ஃபோர்செப்ஸைத் தூக்கிக் கொடுக்கும் எலிவேட்டர் என்ற சின்ன நெம்புகோலின் அடியில், கழுவுகிறவர் பிரஷ் எட்டாத இடத்தில் அதே கிருமி இருந்தது. கோளாறு நுனியில்தான், சேனலின் நடுவில் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடம் நமக்கும்தான்: அந்த ஸ்கோப்பை எடுத்து ஓரமாக வைத்த பிறகுதான் தொற்று நின்றது.

அமெரிக்க செனட் குழு ஒன்று 2016 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012 முதல் 2015 வரை டியோடினோஸ்கோப் தொடர்பாகக் குறைந்தது 25 தொற்றுப் பரவல்கள், குறைந்தது 250 நோயாளிகள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இல் சிறுநீரகத் துறை ஸ்கோப்களைப் பற்றியும் தனியாக எச்சரித்தது.

கேமராவில் என்னென்ன தெரியும்? எது நல்லது, எது கெட்டது?

நல்ல சேனல் எப்படி இருக்கும் என்று முதலில் பழகுங்கள், அதுதான் கஷ்டம். வெள்ளையாக, வழவழப்பாக, விளக்கு வெளிச்சம் வட்ட வட்டமாகப் பளபளக்கும் ஒரு சுரங்கப்பாதை. பயாப்ஸி வாய்க்கு (ஃபோர்செப்ஸ் உள்ளே நுழைகிற துளை) பக்கத்தில் உலோகமும் பிளாஸ்டிக்கும் சேருகிற இடத்தில் ஒரு வளையக் கோடு தெரியும். புதியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைப் பார்த்து "அண்ணா, உடைஞ்சிருக்கு" என்று கத்துவார்கள். அது உடைசல் இல்லை, இணைப்பு.

நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் ஃபோர்செப்ஸ் போய் வந்த தடம். பயன்பாட்டில் இருக்கிற ஸ்கோப் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இது இருக்கும். இதற்கெல்லாம் ரிப்பேருக்கு அனுப்பினால் யூனிட்டையே மூட வேண்டியதுதான். குறுக்குவாட்டில் வெட்டு, குழி, தோல் உரிந்த மாதிரி தொங்கும் செதில், நார், சுவர் உள்பக்கமாக மடங்கியிருப்பது, எரிந்த மாதிரி பழுப்புத் திட்டு, இவை வேறு ரகம். நுனிக்கு முந்தைய வளையும் பகுதியை மெதுவாகப் பாருங்கள், பெரும்பாலான சேதம் அங்கேதான் கிடைக்கும்.

நிறமும் பேசும். சிவப்பு அல்லது துருநிறப் பொட்டு என்றால் இரத்தமாக இருக்கலாம், கழுவியதே சரியில்லை. ஓபிஏ என்ற கிருமிநீக்க மருந்து பயன்படுத்துகிற இடத்தில் சாம்பல், கறுப்பு நிறத்தில் கறை தெரிந்தால், அங்கே புரதம் மிச்சம் இருந்திருக்கிறது, மருந்து அதன்மேல் சாயம் ஏற்றியிருக்கிறது என்று அர்த்தம். குளூட்டரால்டிஹைடு என்ற இன்னொரு கிருமிநீக்க மருந்து இன்னும் மோசம், மிச்சம் இருக்கும் புரதத்தை அங்கேயே இறுக்கி ஒட்டவைத்துவிடும். அதனால்தான் "மருந்துல போட்டா எல்லாம் செத்துடும்" என்று கழுவுவதில் அலட்சியம் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ளையாக, பால் கலந்த மாதிரி, நகராமல் உட்கார்ந்திருக்கும் துளிகள் தெரிந்தால் சிமெத்திகோன் மேல் சந்தேகப்படுங்கள். குடலில் நுரையை அடக்க ஊற்றுகிற சொட்டு மருந்துதான். அது சிலிக்கோன், தண்ணீரில் கரையாது, கழுவினாலும் சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரத்தையும் பிடித்து வைக்கும். டாக்டர்களுக்கு அது தேவை, வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. தண்ணீர் பாட்டிலிலும் வாட்டர்ஜெட்டிலும் கலக்காமல், பிரஷ் போகக்கூடிய பயாப்ஸி சேனல் வழியாகச் சிரிஞ்சில் குறைவாகக் கொடுங்கள் என்றுதான் கெஞ்சுவோம்.

நாரா, தூசியா என்று குழப்பம் வந்தால் ஒரே வழி: மறுபடி பிரஷ் விட்டு, ஃப்ளஷ் பண்ணி, அதே சென்டிமீட்டரில் மறுபடி பாருங்கள். போயிருந்தால் அழுக்கு அல்லது பிரஷ் மயிர். இருந்தால் சேதம்.

தண்ணீர்த் துளி தெரிந்தால்?

என்னைக் கேட்டால் கீறலைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அலமாரியில் தொங்கவிட்டு மறுநாள் காலையில் எடுத்த ஸ்கோப்பில் துளி இருந்தால், கிருமிக்கு ஒரு முழு இரவு கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் 3 மருத்துவமனைகளில், பயன்படுத்தத் தயாராக இருந்த 45 ஸ்கோப்களை ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது 22-இல் ஈரம் இருந்தது. 2018-இல் வெளிவந்த ஆய்வு அது. பாதிக்குப் பாதி!

அந்த நாட்டின் எஸ்டி91 என்ற, ஸ்கோப் கழுவுவதற்கான வழிகாட்டு நெறியின் 2021 பதிப்பு, அழுத்தம் கட்டுப்படுத்திய, வடிகட்டிய காற்றைக் குறைந்தது 10 நிமிடம் சேனல்களில் விடச் சொல்கிறது. பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று, அடுத்த கேஸுக்கு ஆள் வாசலில் நின்று "ஸ்கோப் எங்க" என்று கேட்கும்போதுதான் தெரியும். எங்கள் ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பத்து நிமிடம்கூடச் சில ஸ்கோப்புக்குப் பற்றாது, கேமரா விட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். அப்புறம், கம்பெனியிலிருந்து வந்த ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் ஸ்கோப்பைச் சுருட்டி வைக்காதீர்கள். அது கொண்டுபோக வர மட்டும்.

எந்த அளவு சேதத்துக்கு ஸ்கோப்பை நிறுத்த வேண்டும்?

எல்லோரும் இதற்கு ஒரு நம்பர் எதிர்பார்க்கிறார்கள். நான் நம்பர் வைத்துக்கொள்வதில்லை, ஒரு சம்பவம் சொல்கிறேன்.

போர்ஸ்கோப் வாங்கிய புதிதில், ஒரு காஸ்ட்ரோஸ்கோப்பில், பயாப்ஸி வாயிலிருந்து 96 செ.மீ.யில், செதில் ஒன்று சுவரிலிருந்து பிரிந்து கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. சீனியர் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்கள். "தம்பி, இது போன மாசமும் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்கள். பதில் இல்லை. போன மாதம் பார்க்கவே இல்லை, பார்த்த மற்ற ஸ்கோப்களுக்கும் ஃபோட்டோ எடுத்து வைக்கவில்லை. செதில் நேற்று வந்ததா, இரண்டு வருடமாக இருக்கிறதா, பெரிதாகிறதா, யாருக்கும் தெரியாது. அன்றைக்கு லிஸ்டில் இன்னும் ஆறு கேஸ். டாக்டரிடம் போய்ச் சொன்னபோது "லீக் இல்லையே, இன்னிக்கு ஓட்டிடலாமா?" என்றார். தப்பாகக் கேட்கவில்லை, எல்லோரும் கேட்கிற கேள்விதான். சிஸ்டர்தான் "வேண்டாம் சார்" என்று சொல்லி ஸ்கோப்பில் சிவப்பு டேக் கட்டினார்கள். கேஸ் தள்ளிப்போய் வெளியே இரண்டு பேர் சத்தம் போட்டார்கள்.

ஆகவே என் பதில்: தொங்குகிற செதில், நார், குழி, மடிப்பு, எத்தனை முறை கழுவினாலும் போகாத கறை, இவற்றில் எது இருந்தாலும் அன்றே நிறுத்துங்கள். மெல்லிய கோடு என்றால் ஃபோட்டோ எடுத்து வைத்து அடுத்த முறை ஒப்பிடுங்கள். யார் நிறுத்தலாம் என்பதைப் போர்ஸ்கோப் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். கழுவுகிறவனுக்கு அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் இந்தக் கருவி வெறும் டிவிதான்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

புது ஸ்கோப் வந்த அன்றே, நோயாளிக்குப் போவதற்கு முன். ரிப்பேரிலிருந்து திரும்பினால், இரவல் ஸ்கோப் வந்தால், உடனே. டியோடினோஸ்கோப், நுரையீரலுக்குப் போகும் பிராங்கோஸ்கோப், யூரிட்ரோஸ்கோப், சிறுநீர்ப்பைக்குப் போகும் சிஸ்டோஸ்கோப் போன்றவற்றை எஸ்டி91 அதிக ஆபத்து வகையாக வைத்திருக்கிறது, அவற்றை முடிந்தால் ஒவ்வொரு முறையும். மற்றதை உங்கள் கேஸ் எண்ணிக்கையைப் பார்த்து முறை வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு முறைகூட முடியாது என்றால் ஸ்கோப் போதவில்லை, அல்லது ஆள் போதவில்லை.

எந்தக் கட்டத்தில், எப்படிப் பார்ப்பது?

கையால் கழுவி முடித்து, காற்று விட்டுக் காயவைத்து, கிருமிநீக்க மருந்தில் போடுவதற்கு முன். அலமாரியிலிருந்து எடுத்து ஈரம் பார்ப்பதாக இருந்தால், பார்த்த பிறகு அந்த ஸ்கோப் மறுபடி முழுச் சுற்றும் போக வேண்டும். போர்ஸ்கோப்பையும் அதன் கம்பெனி சொன்னபடி துடைத்துத்தான் அடுத்த ஸ்கோப்புக்குள் விட வேண்டும். இது பலருக்கு மறந்துபோகும்.

ஸ்கோப்பை மேஜையில் நேராக நீட்டிப் போடுங்கள். உள்ளே தள்ளும்போது அவசரப்படாதீர்கள், வெளியே இழுக்கும்போது இன்னும் மெதுவாக, சுற்றிச் சுற்றி. எங்காவது முட்டினால் தள்ளாதீர்கள், சேதம் பார்க்கப் போய் நாமே சேதம் பண்ணிய கதையாகிவிடும். காற்று, தண்ணீர் சேனல்கள் மிக மெல்லியவை, வளைவும் அதிகம், அங்கே பெரும்பாலான போர்ஸ்கோப் போகாது. பயாப்ஸி சேனல் சுத்தமாக இருந்தது என்பதற்காக முழு ஸ்கோப்பும் சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குப் போனில் சொருகும் கேமரா கிடைக்கிறதே?

கார் எஞ்சினும் கிச்சன் சிங்க்கும் பார்க்க நல்ல சாமான். அவற்றில் பெரும்பாலானவை 5.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். 3.7 மி.மீ. சேனலில் எப்படிப் போகும்? கொஞ்சம் மெல்லியது கிடைத்தாலும் அதன் உலோக மூக்கின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வேண்டாம்.

சேனலைக் கெடுப்பது யார்? கழுவுகிறவரா, டாக்டரா?

இரண்டு பேரும். சண்டை வேண்டாம். நுனியை முழுதாக வளைத்து வைத்துக்கொண்டு ஃபோர்செப்ஸை அழுத்தித் தள்ளுவது, சேனலுக்குள்ளேயே அதைத் திறப்பது, ஊசியை உறைக்குள் இழுக்காமல் வெளியே எடுப்பது, யூரிட்ரோஸ்கோப்பில் லேசர் ஃபைபர் முழுதாக வெளியே வருமுன் பெடலை மிதிப்பது, இதெல்லாம் டாக்டர் பக்கம். மடங்கிய பிரஷ்ஷை இன்னும் பத்து கேஸுக்கு ஓட்டுவது, அளவு தப்பான பிரஷ் விடுவது, சின்னத் தொட்டியில் ஸ்கோப்பை இறுக்கிச் சுருட்டுவது, இதெல்லாம் எங்கள் பக்கம். ஃபோட்டோவை இரண்டு பக்கமும் காட்டினால் பேச்சு தானாகக் குறைகிறது.

ஏடிபி டெஸ்ட், கல்ச்சர் எடுக்கிறோம். அப்படியும் போர்ஸ்கோப் வேண்டுமா?

மூன்றும் மூன்று கேள்விக்குப் பதில். ஏடிபி உயிர்ப்பொருள் மிச்சம் இருக்கிறதா என்று சொல்லும், கல்ச்சர் உயிரோடு கிருமி இருக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் கழித்துச் சொல்லும், போர்ஸ்கோப் ஏன், எங்கே என்று காட்டும். கேமராவில் பாக்டீரியா தெரியாது, அதைச் சுத்தச் சான்றிதழாக நினைக்காதீர்கள்.

ரிப்பேர் பண்ணி வந்தால் நம்பலாமா?

சேனலை ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஒரிஜினல் பார்ட்டா என்று எழுத்தில் கேளுங்கள், வந்ததும் கேமரா விடுங்கள். "புது சேனல்" என்று பில் போட்டு வந்த ஒன்றில் பழைய கோடுகளையே பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அதற்குள் ஃபோட்டோ எடுத்து வைக்கிற பழக்கம் வந்திருந்தது.

நான் நோயாளி. இதையெல்லாம் படித்துவிட்டு எண்டோஸ்கோப்பிக்குப் போகவே பயமாக இருக்கிறதே?

டாக்டர் அவசியம் என்று சொன்னால் போங்கள். முன்பெல்லாம் 18 லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் தொற்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள். வெளியே தெரிந்து எழுதப்பட்டவற்றை மட்டும் எண்ணிய கணக்கு அது, உண்மை அதைவிட அதிகம். 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சாதாரணப் பரிசோதனைக் கொலோனோஸ்கோப்பிக்குப் பிறகு 7 நாளில் தொற்று வந்தவர்கள் 1000 பேருக்கு 1.1, வாய்வழி எண்டோஸ்கோப்பியில் 3. இவை எல்லாமே ஸ்கோப்பால் வந்தவை என்றும் சொல்ல முடியாது. இரத்த வாந்தியையோ புற்றுநோயையோ பார்க்காமல் விடுவதன் ஆபத்து இதைவிடப் பல மடங்கு. கேட்க ஆசைப்பட்டால் "ஸ்கோப்பைக் கழுவிக் காயவைத்ததற்கு ரெக்கார்டு வச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். நல்ல யூனிட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பார்த்ததை எப்படி எழுதி வைப்பது?

"சேனல் ஓகே" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். ஸ்கோப்பின் சீரியல் நம்பர், தேதி, எத்தனையாவது சென்டிமீட்டர், என்ன தெரிந்தது, ஃபோட்டோ நம்பர், என்ன செய்தோம், யார். எங்கள் நோட்டில் இப்போது இப்படித்தான் வரும்: "காஸ்ட்ரோ 2. வாயிலிருந்து 41 செ.மீ., நீளக் கோடு இரண்டு, போன முறை மாதிரியே. 88 செ.மீ., துளி மூன்று, 10 நிமிடம் காற்று விட்டும் ஒன்று மிச்சம், மறுபடி 10 நிமிடம், காய்ந்தது. 97 செ.மீ., புதுக் கீறல், குறுக்கே, போன முறை இல்லை. டேக் கட்டியாச்சு, சிஸ்டரிடம் சொல்லியாச்சு."